முன்பாரம், பின்பாரம், மேல்பாரம்

அமெரிக்காவில் ஓடும் புதிய பிக்கப் வண்டி எதன் ஓட்டுநர் கதவைத் திறந்தாலும், கதவு வந்து பொருந்தும் தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயரின் அளவும் அதில் அடைக்க வேண்டிய காற்றின் அளவும் அதில் இருக்கும். கூடவே ஒரு வரி: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது. இரட்டைக் கேபினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட டொயோட்டா டகோமாவில் அந்த எண் பெரும்பாலும் 500 கிலோவை ஒட்டியே இருக்கும்.

நம் ஊர்க்காரருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். குட்டி யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-இல் வந்தபோதே முக்கால் டன் சுமக்கும் வண்டி என்றுதான் வந்தது. டகோமாவின் பக்கத்தில் நிறுத்தினால் அது பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் டகோமா தன் சொந்த எடையாகவே இரண்டு டன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போக வேண்டும், குடும்பம் குலுங்காமல் உட்கார வேண்டும், காட்டுப் பாதையில் பாறை ஏற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு மிஞ்சுவதே சுமைத்திறன். அந்த மிச்சத்தின் மேல் ஒரு வீட்டை ஏற்றலாமா என்பதுதான் கேள்வி.

வீடு என்று சொன்னது கேம்பரை. பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் வண்டிவீடு வேறு. எஞ்சினோடு சேர்த்தே கட்டிய மோட்டார் வீடு வேறு. இது மூன்றாவது ரகம். பிக்கப்பின் பின்தொட்டிக்குள் பெட்டி மாதிரி சறுக்கி உட்காரும். வேண்டாதபோது இறக்கி வைத்துவிடலாம். நான்கு மூலையிலும் நான்கு ஜாக்கிக் கால்கள் உண்டு. அவற்றில் கேம்பர் நின்றுகொண்டிருக்க, வண்டியைப் பின்னோக்கி அதன் அடியில் செலுத்துவார்கள். பிறகு கால்களைச் சுருக்கினால் பெட்டி தொட்டிக்குள் இறங்கும். படுக்கை பெரும்பாலும் ஓட்டுநர் கேபினின் கூரைக்கு மேல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்வரும் ஆமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டை உலகறியச் செய்தவர்களில் ஓர் எழுத்தாளரும் உண்டு. ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் ஒரு ஜிஎம்சி பிக்கப்பின் மேல் கேம்பரைப் பொருத்திக்கொண்டு, தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். டான் குவிக்ஸாட்டின் குதிரையான ரோசினான்டேயின் பெயரை அந்த வண்டிக்கு வைத்தார். பயண நூல் 1962-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது. வண்டி இன்றும் கலிபோர்னியாவின் சாலினாஸ் நகரில் உள்ள ஸ்டைன்பெக் மையத்தில் நிற்கிறது. அவர் எடுத்துப் போனது முக்கால் டன் ரகம். எந்த வண்டி தாங்கும் என்று யோசித்து வாங்கியிருக்கிறார் என்பது என் கட்சி.

சின்ன வண்டிகளின் காலம் அதன் பிறகுதான் வந்தது. டாட்சனும் டொயோட்டாவும் ஏற்கெனவே அமெரிக்கக் கரையில் இறங்கியிருந்தன. 1972-இல் ஃபோர்டு தன் பெயரில் மாஸ்டாவின் பிக்கப்பையும், செவ்ரலே தன் பெயரில் இசுஸுவின் பிக்கப்பையும் விற்கத் தொடங்கின. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் குடிக்காத குட்டி வண்டியும் வேண்டும், அதில் படுத்து உறங்கவும் வேண்டும் என்ற ஆசை அன்று பிறந்தது, இன்றுவரை தணியவில்லை. மடக்குக் கூரையும் அலுமினியச் சட்டமும் கொண்ட இலகுவான கேம்பர்களைச் செய்யும் ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனமும் 1972-இல் தொடங்கியதுதான்.

கணக்குக்கு வருவோம். எண்களை முழுமையாக்கிக்கொள்கிறேன். வண்டியின் சொந்த எடை 2,000 கிலோ. மொத்த எடை வரம்பு 2,500. ஆக, மிச்சம் 500. கேம்பர்களில் பல எடை உண்டு. தொட்டியின் மேல் கூடாரக் கூரை மட்டும் திறக்கும் வெறுங்கூடு ரகங்கள் 130 கிலோவிலேயே கிடைக்கின்றன. அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, மெத்தை, பேட்டரி என்று வீட்டுச் சாமானெல்லாம் உள்ளவை 400, 500 என்று ஏறும். நாம் 400 கிலோ கேம்பர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் பெட்டியின் எடை. அதில் தண்ணீர் 60 லிட்டர் ஊற்றினால் 60 கிலோ. பாத்திரம், அரிசி, போர்வை, கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு 60. ஆக 520. கணவனும் மனைவியும் ஏறினால் 140. மொத்தம் 660 கிலோ. வரம்பைவிட 160 அதிகம். நாய் இன்னும் ஏறவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் மனக்கணக்குக்குள் புகுந்துகொள்கிறார்கள். "என் வண்டி இழுக்கும்" என்பார்கள். இழுக்கும்தான், எஞ்சினுக்கு 160 கிலோ ஒரு பொருட்டே இல்லை. மூன்று டன் இழுவை வண்டியை இழுக்கும் என்று விளம்பரம் சொல்வதும் உண்மைதான். ஆனால் இழுக்கும் பாரம் பெரும்பகுதி தன் சொந்தச் சக்கரங்களில் நிற்கிறது. சுமக்கும் பாரம் முழுக்க முழுக்க இந்த வண்டியின் வில், அச்சு, தாங்கி, டயர் ஆகியவற்றின் தலையில் விழுகிறது.

சரி, 660 கிலோ எங்கே விழுகிறது? மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் அடுக்கினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரமாக வைத்து ஓட்டுவார். பிக்கப்புக்கும் அதே நெம்புகோல் விதிதான். மாட்டுக்குப் பதில் முன்சக்கரங்கள், அவ்வளவே.

2005 முதல் 2023 வரையான இரட்டைக் கேபின் டகோமாவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே பெரும்பாலும் 3.24 மீட்டர். வெறும் வண்டியில் எடையின் பெரும்பங்கு எஞ்சின் பக்கம்: முன்னால் 1,140 கிலோ, பின்னால் 860 என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் நடுவில் உட்கார்வதால் அவர்களுடைய 140 இரண்டு அச்சுக்கும் பாதிப் பாதி. இப்போது சாமானோடு சேர்ந்த 520 கிலோ கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால், 16 கிலோ முன் அச்சுக்குப் போகும். 504 பின் அச்சுக்கு. பின் அச்சின் மொத்தம் 1,434. பின் அச்சின் வரம்பு 1,400 என்றால் அதுவே மீறல்தான். அதே கேம்பரின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் விழுந்தால்? தொட்டி குட்டையாக இருந்து, பின்கதவைக் கழற்றிவிட்டுப் பெட்டி வெளியே நீண்டிருந்தால் இது எளிதில் நடக்கும். பின் அச்சில் 1,498 கிலோ. கூடவே முன் அச்சிலிருந்து 48 கிலோ கழன்றுவிடும். 40 சென்டிமீட்டர் நகர்த்தியதில் பின் அச்சு 64 கிலோ கூடுகிறது, முன் அச்சு அதே 64 கிலோ இழக்கிறது. கேம்பர் ஒரு கிலோகூடப் பெருக்கவில்லை.

முன்சக்கரம் இலகுவானால் ஸ்டீயரிங் மிதக்கிறது. நனைந்த சாலையில் திருப்பினால் முன் டயர் தரையைக் கவ்வத் தயங்குகிறது. பிரேக்கின் பெரும்பாரம் முன்சக்கரங்களில்தான் விழ வேண்டும், அவையோ லேசாகிவிட்டன. மூக்கு தூக்கிய வண்டியின் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் கேம்பரின் முன்சுவரை ஒட்டி வைப்பவர்கள் காரணத்தோடுதான் வைக்கிறார்கள்.

இதைச் சட்டமும் கவனித்தது. கேம்பர் செய்பவர் இரண்டு விஷயங்களை எழுதித் தர வேண்டும் என்று 1970-களில் அமெரிக்க மத்திய அரசு விதி போட்டது. தண்ணீர், எரிவாயு, குளிர்பெட்டி ஆகியவற்றோடு சேர்த்துக் கேம்பரின் எடை ஒன்று. அதன் ஈர்ப்பு மையம் எங்கே என்பது மற்றொன்று. வண்டி செய்பவரும், சரக்கின் மையம் தொட்டியில் எந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்று படம் போட்டுத் தர வேண்டும். தொட்டியில் கேம்பர் அடங்கினாலும் அதை ஏற்ற வேண்டாம் என்று தயாரிப்பாளர் நினைத்தால், கையேட்டில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே கேம்பர் கடைக்குப் போகும் முன் வண்டியின் கையேட்டைப் புரட்டுங்கள். சிறிய பிக்கப்பாக இருந்தால் கட்டாயம். அந்த விதிக்கு முதலில் 126 என்று எண். பிறகு அது வேறு அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. காலியான 126-ஐ 2007-இல் வேறொரு விதிக்குக் கொடுத்தார்கள். வண்டி சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போட்டு நிலைநிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கான விதி அது. உட்காரும் இடத்தைச் சொன்ன எண், இன்று உருளாமல் காக்கும் எண்ணாகிவிட்டது.

உருளுவது என்றதும் மேல்பாரத்துக்கு வருகிறோம். என் கணக்கில் இதுதான் மூன்றிலும் கொடியது. முன்பின் தவறினால் வண்டி முனகும், நமக்குத் தெரியும். மேல்பாரம் அவசரத் திருப்பம் வரும்வரை வாய் திறக்காது.

இரண்டு சக்கரத் தடங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 முதல் வண்டிகளுக்கு நட்சத்திரம் போடப் பயன்படுத்துகிறது. கார்களுக்கு அது 1.3 முதல் 1.5 வரை இருக்கும். பிக்கப், எஸ்யுவி ரகங்களுக்கு 1.0 முதல் 1.3 வரை. நம் வண்டியின் தட அகலம் 160 சென்டிமீட்டர், மையத்தின் உயரம் 70 என்றால், 80-ஐ 70-ஆல் வகுக்க 1.14. மோசமில்லை. இப்போது 520 கிலோவைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மையம் வரும்படி ஏற்றுங்கள். இரண்டும் சேர்ந்த மையம் ஏறக்குறைய 86 சென்டிமீட்டருக்கு எழும்புகிறது. 80-ஐ 86-ஆல் வகுத்தால் 0.93.

0.93 என்பதன் பொருள் என்ன? காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் பிடி, வண்டி எடையில் 0.8 முதல் 0.9 பங்கு வரை பக்கவாட்டு விசையைத் தாங்கும். அதற்கு மேல் போனால் டயர் சறுக்கும். வண்டி கவிழ வேண்டுமென்றால் அந்த விசை, மேலே கண்ட எண்ணை எட்ட வேண்டும். வெறும் வண்டிக்கு 1.14, ஆகவே டயர் முதலில் சறுக்கிவிடும், வண்டி கவிழாது. கேம்பர் ஏறியதும் இடைவெளி நூலளவாகிவிட்டது. திருப்பத்தில் வில் அமுங்கி உடல் சாய்வதால் மையம் வெளிப்பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்ந்தால் 0.93 என்பதும் 0.84 ஆகிவிடும். சறுக்கி நிற்க வேண்டிய வண்டி இப்போது புரளக்கூடும். மடக்குக் கூரை கேம்பர்களை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இதுதான். காற்று எதிர்ப்பும் பெட்ரோலும் மிச்சமாவது கொசுறு.

பொருத்தும் வேலையில் முதல் சிக்கல் அகலம். பெரிய பிக்கப்புகளின் தொட்டியில் இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவே நாலடி ஒட்டுப்பலகையைப் படுக்கையாக வைக்க இடம் இருக்கும். 2005 முதல் 2023 வரையான டகோமாவில் 105 சென்டிமீட்டர்தான். எனவே சின்ன வண்டிக் கேம்பரின் அடிப்பாகம் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் அடங்கும்படி ஒடுங்கி, தொட்டியின் விளிம்பைத் தாண்டியதும் இருபுறமும் அகலும். பின்னாலிருந்து பார்த்தால் காளான் குடை மாதிரி. அடி ஒடுங்கி மேல் அகன்றால் எடை எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய வண்டிக்கென்று செய்ததை "கொஞ்சம் இடித்துச் சரிசெய்து" சின்ன வண்டியில் ஏற்ற முனைவது வீண்.

இன்னொன்று கவனத்தில் எளிதில் படாது. பிக்கப்பின் கேபினும் தொட்டியும் ஒரே உடம்பு அல்ல. ஒரே சேசிஸின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பெட்டிகள். 2005 முதல் 2023 வரையான டகோமாக்களில் சேசிஸின் பின்பகுதி மூடிய குழாயாக இல்லாமல் ஒரு பக்கம் திறந்த சட்டமாக இருந்ததால் நன்றாகவே முறுக்கிக்கொள்ளும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் கேபின் ஒரு பக்கமும் தொட்டி மறுபக்கமும் திரும்பும். கேம்பர் தொட்டியோடு பிணைக்கப்பட்டது. அதன் மூக்கோ கேபினுக்கு மேலே நிற்கிறது. நடுவே நாலு விரல் இடைவெளியாவது விடவில்லை என்றால் முதல் பள்ளத்திலேயே மூக்கு கூரையில் இடிக்கும். 2024 மாடலில் சேசிஸ் முழுவதையும் மூடிய பெட்டியாக்கிவிட்டார்கள். அப்போதும் இடைவெளி வேண்டும்.

அடுத்தது வில். 2023 வரையான டகோமாக்களில் அது நம் ஊர் வில்வண்டியின் அதே வில்தான். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ஒரு பக்கத்து வில் ஒரு சென்டிமீட்டர் அமுங்க 25 கிலோ வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், பின் அச்சில் கூடிய 500 கிலோவுக்கு வண்டியின் பின்பக்கம் 10 சென்டிமீட்டர் தொங்கிவிடும். பார்க்கவே பரிதாபமாக இருக்கும். உடனே ஆள் ஆளுக்கு மருந்து சொல்வார்கள்: கூடுதல் தகடு போடு, வில்லுக்கும் சேசிஸுக்கும் நடுவே காற்றுப் பை வை. இரண்டும் வண்டியை நிமிர்த்தும். ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை ஒரு கிலோகூட உயர்த்தாது. வரம்பு என்பது வில்லின் வரம்பு மட்டுமில்லை. அச்சு, தாங்கி, பிரேக், சேசிஸ் அனைத்திலும் எது பலவீனமோ அதன் வரம்பு. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் உஷ்ணம் இறங்கும், நோய் இறங்காது.

மருந்தே நோயாவதும் உண்டு. தகடு வில் தன் இரண்டு முனைகளில் சேசிஸைத் தாங்குகிறது; பாரம் இரண்டு புள்ளிகளில் பிரிகிறது. நடுவே அச்சுக்கு நேர் மேலே காற்றுப் பையை வைத்து ஊதினால் பாரத்தின் பெரும்பகுதி அந்த ஒற்றைப் புள்ளிக்கு வந்துவிடுகிறது. பின்னால் நீண்ட பாரம் கீழே இழுக்கிறது, பை நடுவில் மேலே தள்ளுகிறது. குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரிதான். ஆஸ்திரேலியாவின் உட்புறப் பாதைகளில் இப்படி இரட்டைக் கேபின் பிக்கப்புகளின் சேசிஸ் கேபினுக்குப் பின்னால் வளைந்துபோனது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஷாக் அப்சார்பரை மறந்துவிடுகிறார்கள். வில்லின் ஆட்டத்தை அடக்கும் அதன் திறன், வில்லின் விறைப்பையும் அதன் மேலுள்ள எடையையும் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. வில்லின் மேல் நிற்கும் எடை 700-லிருந்து 1,270-க்கு ஏறினால் அடக்கும் திறன் கால் பங்கு போய்விடும். வில்லையும் விறைப்பாக்கினால் இன்னும் குறையும். பழைய ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு புது வில் மட்டும் போட்டவர், மேடு தாண்டிய பிறகும் வண்டி ஏன் கடலில் தோணி மாதிரி ஆடுகிறது என்று வியப்பார்.

அச்சைப் பற்றி ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும், டொயோட்டாவின் சின்ன பிக்கப் சேசிஸின் மேல் அமெரிக்க நிறுவனங்கள் குட்டி மோட்டார் வீடுகளைக் கட்டி விற்றன. டால்ஃபின், சன்ரேடர் போன்றவை அதில் பேர்போனவை. பாரம் அதிகம் என்று தெரிந்ததும், பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் வரும்படி இணைப்பு வைத்து மாட்டினார்கள். டயருக்கு நிம்மதி, அச்சுக்கு எமன். அந்த வண்டிகளின் அச்சு அரை மிதவை வகை. அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. சக்கரம் வெளிப்பக்கம் தள்ளிப்போகப் போக, தாங்கிக்கு வெளியே நீட்டியிருக்கும் தண்டின் முனையில் வளைவு விசை கூடும். ஒவ்வொரு சுழற்சியிலும் தண்டு ஒரு தடவை மேலும் கீழும் வளைகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும் அதே களைப்பு. அச்சுகள் ஒடிந்தன, ஒடிந்த துண்டோடு சக்கரமும் கழன்று ஓடியது. பாதுகாப்பு நிர்வாகம் தலையிட வேண்டியதாயிற்று. 80-களின் நடுவிலிருந்து ஒரு டன் ரகத்துக்குரிய முழு மிதவை அச்சு வந்தது.

முழு மிதவை அச்சில் எடையைத் தாங்குவது வெளியே இருக்கும் சுழலாத குழாய். சக்கரத்தின் குடம் இரண்டு தாங்கிகளின் மேல் அதைச் சுற்றிச் சுழல்கிறது. உள்ளே இருக்கும் தண்டுக்கு முறுக்கும் வேலை மட்டும்; அது ஒடிந்தாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். மாட்டுவண்டியின் இருசும் இதே கொள்கைதான்: இருசு சுழலாது, பாரம் மட்டும் தாங்கும், குடம்தான் அதன் மேல் சுழலும். பழைய டொயோட்டா மோட்டார் வீடு வாங்குகிறவர்கள் பின்சக்கரத்தில் ஐந்து நட்டா, ஆறு நட்டா என்று எண்ணிப் பார்ப்பது இதனால்தான். ஆறு இருந்தால் மூச்சு விடுவார்கள். இன்றைய டகோமாவின் பின் அச்சும் அரை மிதவைதான். தன் வரம்புக்குள் அது நன்றாகவே உழைக்கும். வரம்பைத் தாண்டினால் அதற்கும் அந்தக் களைப்பு உண்டு.

பெட்டியை எப்படிக் கட்டி நிறுத்துவது? தொட்டியின் தரையில் நான்கு கண்ணி போல்ட்டுகள், கேம்பரின் அடியில் நான்கு வளையங்கள், இரண்டையும் இணைக்க டர்ன்பக்கிள். நடுவே திருகினால் இரண்டு முனைக் கொக்கிகளும் நெருங்கி வரும் கருவி அது. பெரிய கேம்பர்களுக்குச் சேசிஸிலிருந்தே கைகள் நீட்டிக் கட்டுவார்கள். சின்ன மடக்குக் கூரைக் கேம்பர்களில் தொட்டியிலேயே கட்டுவதுதான் வழக்கம். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழையும் சிறு கதவு வைத்திருப்பார்கள்.

இந்தக் கட்டு கேம்பரைக் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. பிரேக் போட்டால் பெட்டி முன்னோக்கிப் பாய்கிறது. கீழே இழுப்பது முன்னே போவதை எப்படித் தடுக்கும்? உராய்வால். பலமாகப் பிரேக் அடித்தால் 520 கிலோ கேம்பர் சுமார் 416 கிலோ விசையோடு முன்னே தள்ளும். வழவழப்பான தொட்டித் தரையில் உராய்வுக் கெழு 0.3 என்றால் தடுப்பது 156 மட்டும். தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் 0.6, தடுப்பு 312. இன்னும் 104 போதாது. இப்போது நான்கு டர்ன்பக்கிளும் தலைக்கு 100 கிலோ விசையில் இறுகியிருந்தால், தரையை அழுத்தும் விசை 920 ஆகிறது. அதில் 0.6 பங்கு 552. பெட்டி அசையாது. விலை குறைந்த அந்த ரப்பர் விரிப்பு, விலை உயர்ந்த எந்தக் கொக்கிக்கும் சளைத்ததில்லை. மரத்தூளும் எண்ணெயும் படியாமல் வைத்திருந்தால் போதும்.

வலிவு முழுவதையும் காட்டி முறுக்கிவிடக் கூடாது. 2005-க்குப் பிறகான டகோமாவின் தொட்டி உட்புறம் இரும்பு அல்ல, வலுவூட்டிய பிளாஸ்டிக். துளையிட்டு வெறும் வாஷரோடு போல்ட்டை மாட்டினால் ஒருநாள் வாஷரோடு பிய்ந்து வந்துவிடும். அடியில் உள்ளங்கையைவிடப் பெரிய எஃகுத் தகட்டை வைத்து, பிடியைப் பரப்ப வேண்டும். புதிதாக ஏற்றிய கேம்பர் முதல் ஐம்பது அறுபது கிலோமீட்டரில் விரிப்பில் அமுங்கி உட்கார்ந்துவிடும், கட்டு தளரும். நிறுத்தி, கை விட்டு, மறுபடி திருகியே ஆக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள சுமைக்குறியீட்டைப் பாருங்கள்: 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 121 என்றால் 1,450. கார் ரக டயரைப் பிக்கப்பில் போட்டால் அதன் திறனை 1.1-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். காற்றெதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது; 90-இல் போகிறவர் 110-க்கு மாறினால் எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அடுப்புக்கான புரோப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறையின் காற்றுத் துளை அடியில்தான் இருக்க வேண்டும், வெளியே திறக்க வேண்டும். அதை அடைத்துவிட்டுக் குளிர் தாங்கினேன் என்று பெருமைப்படாதீர்கள்.

கடைசியாக எடை மேடை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் கேட் ஸ்கேல் மேடைகள் உண்டு. 1977 முதல் இருக்கின்றன. முன் அச்சு ஒரு பலகையிலும் பின் அச்சு அடுத்ததிலும் நிற்க, இரண்டு எடையும் தனித்தனியாகச் சீட்டில் வந்துவிடும். கேம்பர் வாங்கும் முன்னரே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்: டாங்க் நிறைய பெட்ரோல், உடன் வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே. மொத்த வரம்பிலிருந்து மேடை காட்டும் மொத்த எடையைக் கழித்தால் மிஞ்சுவது கேம்பருக்கும் அதனுள் போகும் ஒவ்வொரு கரண்டிக்கும் சேர்த்து. வாங்கி ஏற்றிய பிறகு இன்னொருமுறை. பின் அச்சின் எண் வரம்பைத் தாண்டினால் முதலில் நான்கு ஜாக்கிகளையும் கழற்றி வீட்டில் வையுங்கள். பயணத்தில் அவை வெறும் சுமை. அடுத்து தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். அப்போதும் கூடுதலாகவே வந்தால் அந்த வண்டிக்கு அந்தக் கேம்பர் ஆகாது.